டிசம்பரின் பன்னிரண்டு எண்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர் கஜன். உங்கள் மேசைமேல் இருக்கும் பழைய நோட்டில் உள்ளதும் என் எழுத்துத்தான். கல்லூரி இயற்பியல் துறையில் முப்பது வருடம் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தேன். என் கணவர் யுகேந்திரன் அங்கே விரிவுரையாளர். மொட்டை மாடியில் அவர் வைத்திருந்த கருவி, வானத்திலிருந்து இறங்கும் காஸ்மிக் கதிர்த் துகள்களை எண்ணும். தினமும் காலையில் அந்த எண்ணை நான் நோட்டில் எழுதி வைப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள், தர்மினி. எட்டு வயது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அவர்தான் அவளைப் பத்து ஃபிரிங்கி கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஜனவரியில் பள்ளி திறக்கும் என்று நான் வீட்டில் அவளுடைய புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். சுனாமி அவரைக் கரையில் விட்டுவிட்டது. அவளை விடவில்லை.

நான் அவரைக் குறை சொன்னதில்லை. இருபது வருடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் அவளைப் பற்றிப் பேசியதில்லை. போன வருடம் கெப்பாலா பத்தாஸ் பட்டணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"பிள்ளைங்க இல்லலா," என்றார் என் கணவர், சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

ஒருவேளை என் மனம் நோகக்கூடாது என்று எண்ணித்தான் அப்படிச் சொல்லியிருப்பார். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் ஒரு வெளிநாட்டு ஆய்வைப் படித்தார். பூமி நடுங்குவதற்குப் பதினைந்து நாள் முன்பே இந்தத் துகள்களின் எண்ணிக்கை மாறக்கூடுமாம். பழைய நோட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றித் தரச் சொன்னார்.

அந்த டிசம்பர் பக்கங்களில் ஒன்றுமே இல்லை. காற்றழுத்தத்துக்கு ஏற்பக் கொஞ்சம் ஏறி இறங்கிய சாதாரண எண்கள். நான் பதினொன்றாம் தேதியிலிருந்து இருபத்திரண்டு வரை, பன்னிரண்டு எண்களையும் இருந்ததைவிட உயர்த்திக் கணினியில் அடித்தேன். நூற்றுக்கு நாலுதான். அதற்குமேல் போனால் அவர் நம்பமாட்டார்.

மறுநாள் காலையில் பசியாறும்போது வரைபடத்தை என் முன்னால் வைத்தார்.

"யோகா, நீ சரியாத்தானே அடிச்ச?"

"மூணு தடவ செக் பண்ணேங்க."

"அப்ப நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்."

"நமக்கு இல்லங்க. உங்களுக்கு. மெஷின் உங்களோடது."

கொஞ்ச நேரம் கழித்து, நோட்டு எங்கே என்று கேட்டார். கரையான் அரித்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்றேன்.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய ஆய்வு மாணவி நூர் ஃபாத்திஹா வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தாள். எண் கூடியதை அன்றே பார்த்திருந்தாலும் எந்த ஊரில், எந்த நாளில் நடுங்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது என்றாள். அது அவருக்கும் தெரியும். அவரே மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார். பத்தொன்பதாவது நாள் காலையில் அதே கடற்கரைக்குப் போனார். உயிரோடு திரும்பவில்லை. நோட்டை என் அலமாரியில் கண்டுபிடித்து உங்களிடம் கொடுத்தவளும் ஃபாத்திஹாதான். அவள் செய்தது சரி.

இடையில் பதினெட்டு நாள் இருந்ததே, ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் முதல் நாள் சாயங்காலமே அவர் என் மடியில் தலைவைத்து, தர்மினியின் பெயரைச் சொல்லி அழுதார். இருபது வருடத்தில் முதல்முறை. அப்புறம் தினமும் அழுதார். தண்ணீர் வருவதற்குச் சற்று முன்பு அவள் சோளம் கேட்டாளாம். அவர் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாளாம். எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

எண்களை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.