மஞ்சள் கோடு

"அந்த மஞ்சக் கோட்ட நம்பி ஒரு வாரம் ஏமாந்துட்டேங்க" என்றார் மெக்கானிக்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இருந்தார். பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒருவர், காருக்குச் சொந்தக்காரர்.

"மேடு ஏறுனா வண்டி இழுக்காம படுத்துக்குதுன்னீங்க. டர்போவுக்குப் புகை அதிகமாப் போனா திறந்து விடுற வேஸ்ட்கேட்டக் கழட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்குது. அது எப்பத் திறக்கணும்னு வெக்கிற பூஸ்ட் கண்ட்ரோலர் திருகுல மஞ்சப் பெயிண்ட் கோடு. கம்பெனியில முடுக்கி செக் பண்ணதுன்னு தொடவே இல்ல. பார்த்தா அதத்தான் அளவுக்கு மேல முடுக்கியிருக்குது. மேட்டுல காத்தழுத்தம் எகிறுனதும் இஞ்சின் தன்னக் காப்பாத்திக்க தானா பவரக் குறைச்சுக்குது."

"கண்ட்ரோலர் என் தம்பி வாங்கிப் போட்டதுங்க. கோடும் அவன் போட்டதுதான். எங்க கம்பெனி அசெம்பிளி லைன்ல வேலை செஞ்ச கை. எத முடுக்குனாலும் கோடு போடாம விடமாட்டான்."

"அவரக் கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

"தை மாசம் காமாலையில போயிட்டான்."

பேருந்து சூளகிரியைத் தாண்டியது.

"திருகத் தளர்த்தித்தான் ஆகணுங்க" என்றார் மெக்கானிக் மெதுவாக. "இல்லன்னா இஞ்சின் தாங்காது. கோடு விலகிடும்."

"தளர்த்துங்க. கோட்ட மட்டும் அழிக்காதீங்க. லைன்ல ரெண்டாவது செக் பண்றவன் மொத ஆள் கோட்ட அழிக்க மாட்டான், பக்கத்துல வேற கலர்ல போடுவான்."

"நானே போட்டுடறேங்க."

"வேண்டாங்க. லைன்லயும் அவன் கோட்டுக்குப் பக்கத்துல பச்சை போட்டது எப்பவும் நான்தான். நாளைக்கு வந்து போடறேன்."