தும்பிக்கை போட்ட 'லை'

என் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் நல்ல வார்த்தை அது ஒன்றுதான். நீங்களும் அதற்காகத்தான் நேற்று இந்த விபத்து அறிக்கையை அப்பாவிடம் கொடுத்து அனுப்பினீர்கள். "உங்க சின்னப் பொண்ணை விட்டு ஒரு நல்ல படி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, மேலிடத்துக்கு அனுப்பணும்" என்றீர்களாம். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். 'திசைப்பலகையைக் கவனிக்காமல் மூடிய பாதையில் இறங்கியதால்' என்று இருக்கிறது. அது தவறு, ஐயா. அக்கா பலகையைக் கவனித்தாள். தப்பு இருக்கும் எழுத்தைப் படி எடுக்க எனக்குக் கை வராது. அதனால் இந்தத் தாள்களையும் சேர்த்து வைக்கிறேன். படித்துவிட்டு நான்காவது வரியைத் திருத்திக் கொடுங்கள். மீதியை எழுதிவிடுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. காட்டு வாசலில், அப்பா காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அறையில், ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்து வருகிறவர்களின் பெயர் எழுதுகிறவள் நான். ரேஞ்சராக வந்த இந்த ஒரு வருடத்தில் நீங்கள் என்னிடம் "பேனா குடும்மா" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படி இருப்பதுதான் பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்போதும் நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். மழை பெய்யும்போது நான் வேறு யாரோ ஆகிவிடுகிறேன் என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். அக்கா அதை எடுத்துத் தன் சிநேகிதிகளுக்குப் படித்துக் காட்டினாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. நன்றாக இருந்தது என்றுதான் படித்தாளாம். அவர்களில் ஒருத்தியின் தங்கை என் வகுப்பு. அந்த மழைக்காலம் முழுக்க, வானம் கறுத்தாலே போதும், முன் பெஞ்சிலிருந்து யாராவது திரும்பி, "இன்னிக்கு யாருடி நீ?" என்பாள். வகுப்பே சிரிக்கும். நான் போவதை நிறுத்திவிட்டேன். அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் இதைத்தான் காரணம் என்பார்கள். அதற்காக முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இது காரணம் இல்லை.

மலையில் ஒரு பாறை இருக்கிறது. இறங்கும் வழியில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, செடிகளுக்குப் பின்னால். முதலில் கண்டுபிடித்தது அக்காதான். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட்டதால் முதுகில் சுமந்துகொண்டு போனாள். அங்கிருந்து பார்த்தால் காடு மட்டும் தெரியும். கூரை இல்லை, ரோடு இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன் அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு கைத்தடி. வீட்டில் உட்கார்ந்து மோட்டார் வைத்த மெஷினில் துணி தைத்தாள். பாறை எனக்கு மட்டும் என்று ஆனது அப்போதுதான். என் நோட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அங்கே பாறை இடுக்கில் வைத்துக்கொண்டேன். வீட்டில் அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. அவள் இருக்கும் அறையில் ஒரு ஊசியைக்கூட ஒளிக்க முடியாது.

பிறகு நீங்கள் வந்தீர்கள், பேட்டரி சைக்கிள் வந்தது. பொதுக்காட்டுப் பாதையில் அதை ஆறு மாதம் விட்டுப் பார்ப்பது, ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்க வேண்டும், மக்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பது என்று உத்தரவு ஒட்டினீர்கள். சோதனை ஓட்டம் என்று பெயர் வைத்தீர்கள். எங்கள் ஜன்னலில் நூல் கட்டி ஒரு கருத்துப் புத்தகத்தையும் தொங்கவிட்டீர்கள்.

அதில் வந்த எதிர்ப்புக் கடிதங்களில் நாற்பத்தொன்று நான் எழுதியவை.

பொய் எழுதவில்லை, ஐயா. ஆட்கள்தான் பொய், எழுதியது எல்லாம் உண்மை. மண் அரிக்கிறது என்று ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதினார். சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பதால் குழந்தைகள் மிரள்கின்றன என்று இரண்டு குழந்தைகளின் தாய் எழுதினாள். மான்கள் ஓடைக்கு வருவதில்லை என்று கல்லூரி மாணவன் எழுதினான். ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து. மாணவனுடையது வலது பக்கம் சாயும். தாய்க்கு உருண்டை எழுத்து. தபால்காரர் அந்தக் காலத்து ஆள். அவர் 'லை' எழுதும்போது முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவை மேலே இழுப்பார். அப்பாவின் பழைய புத்தகங்களில் அந்த எழுத்தைப் பார்த்துப் பழகினேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. இறங்கும் வழியில் பாதை பிரியும் இடத்தில் பலகையின் திருகாணி தளர்ந்திருக்கிறது, காற்றடித்தால் அம்புக்குறி மறுபக்கம் திரும்பிவிடும் என்றுகூட அவர் இரண்டு முறை எழுதினார். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஐந்தாவது மாதம் நீங்கள் வந்து புத்தகத்தைப் புரட்டினீர்கள். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். அப்பாவிடம் சொன்னீர்கள்: "எதிர்ப்பு நிறையத்தான் இருக்கு. ஆனா ஒரு விபத்துகூட இல்லையே. ஒண்ணே ஒண்ணு ஆகியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். இப்ப என்னத்தைச் சொல்லி நிறுத்தறது?"

உங்கள் மேல் பழி போடவில்லை. நீங்கள் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து யாரும் எதையும் சொல்வதில்லை. காதில் விழுவதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன்.

அதற்குள் அக்காவும் பேட்டரி சைக்கிள் ஓட்டப் பழகியிருந்தாள். மிதிக்கத் தேவையில்லை, கைப்பிடியைத் திருகினால் போதும். வாசலிலிருந்து சமதளம் முடியும் இடம் வரை போய்த் திரும்புவாள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்காது. "அஞ்சு வருஷம் கழிச்சு என் பொண்ணு மரத்தைப் பாக்குதுப்பா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் ஜன்னலோரம் வண்டியை நிறுத்தி, அப்பா சாப்பிட்டு வரும்வரை கருத்துப் புத்தகத்தைப் புரட்டினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் வராமல் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏய் அமுக்குணி, இங்க வா. இந்தத் தபால்காரரும் இந்த ரெண்டு பிள்ளைக்காரியும் ஒரே வீட்டுலயா குடியிருக்காங்க?"

பெயர் எழுதும் நோட்டை மூடிவிட்டு ஜன்னலருகே போனேன்.

"அவர் 'மலை'ன்னு எழுதினா தும்பிக்கை. சரி, வயசானவர். இந்த அம்மா 'பாதுகாப்பு இல்லை'ன்னு எழுதியிருக்காளே, இவளுக்கு எப்படிடி தும்பிக்கை முளைச்சுது?"

பார்த்தேன். முளைத்திருந்தது. நாற்பத்தொரு கடிதங்களில் ஒரே ஒரு எழுத்து.

"ஐயோ, சிரிக்க வைக்காத, இடுப்பு வலிக்குது" என்று கைத்தடியை ஜன்னலில் சாய்த்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பி ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு யாருடி நீ?" என்றாள்.

அன்று மழைகூட இல்லை. நல்ல வெயில்.

"பயப்படாத, அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், உன் தபால்காரர்கிட்டயே கேட்டுச் சொல்லு. கால் நல்லா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் காடா?"

நல்ல கேள்வி. தபால்காரர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

"திங்கக்கிழமை முழுசாச் சுத்தி வரப்போறேன்" என்றாள். "நம்ம பாறையில உக்காந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அப்படி என்னத்தைத்தான் நீ அங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னு பாக்கறேன்."

டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றியிருக்கலாம். பாறையை மாற்ற முடியாது. அவள் 'நம்ம' என்றதையும் மாற்ற முடியாது.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. விடிந்ததும் மேலே நடந்தேன். பாதை பிரியும் இடம் உங்களுக்குத் தெரியும். வலது பக்கம் புதுப்பாதை. இடது பக்கம் பழைய பாதை, இரண்டு வருடங்களுக்கு முன் மண் சரிந்ததால் மூங்கில் கம்பு வைத்து மூடியது. முதல் நாற்பது அடி அகலமாக, நன்றாக இருக்கும். பிறகு ஒரு வளைவு. வளைவுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அக்கா கடைசியாக வந்தபோது அதுதான் பாதை. சரிவை அவள் பார்த்ததில்லை.

பலகையைத் திருப்ப ஒரு கை போதுமாக இருந்தது. மூங்கில் கம்பை எடுத்து வலது பக்கம் வைத்தேன். பிறகு நானே பழைய பாதையில் நடந்து பார்த்தேன். நடந்து வருகிறவருக்கு விளிம்பு ஆறு அடி முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, நின்றுவிடலாம். சைக்கிளில் வருகிறவருக்கு ஆறு அடி போதாது. நாற்பத்தொரு கடிதங்களில் நான் சொல்லிவந்தது இதைத்தான். சோதித்துப் பார்க்காமல் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

பத்தரை மணிக்கு அக்கா வந்தாள். நீல ஹெல்மெட். பிரியும் இடத்தில் பிரேக் போட்டு, நல்ல காலைத் தரையில் ஊன்றி, பலகையை நிமிர்ந்து பார்த்தாள். நான் செடிக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தேன். "அட, நம்ம பழைய வழிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. கைப்பிடியைத் திருகினாள். ஆகவேதான் சொல்கிறேன், 'கவனிக்காமல்' என்று எழுதக்கூடாது. அவள் நின்று, படித்து, நம்பித்தான் போனாள்.

கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அது நின்றபிறகும் மோட்டார் நிற்கவில்லை. கீழே எங்கேயோ சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த முனகலுக்கு நடுவில் அவள் கூப்பிட்டாள்.

"ஊமச்சி... மேல இருக்கியாடி?"

வீட்டில் என்னை அவள் கூப்பிடும் பெயர் அது. மூன்று முறை கூப்பிட்டாள். அலறவில்லை. சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது, நான் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்தும் தெரியாத மாதிரி கூப்பிடுவாளே, அந்தக் குரல். அப்பாவைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நான் யாருக்குமே உடனே பதில் சொல்கிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். பலகையை நேராகத் திருப்பினேன். மூங்கில் கம்பை அதன் இடத்தில் வைத்தேன். பாறைக்குப் போய் டப்பாவைத் திறந்து இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டாவது பக்கத்தின் நடுவில் மோட்டார் நின்றது. குரல் அதற்கு முன்னமேயே நின்றிருந்தது. எழுத்து நன்றாகவே வந்தது.

நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டீர்கள். மான்கள் ஓடைக்குத் திரும்பிவிட்டன என்று கேள்விப்பட்டேன். நான் இன்னும் போகவில்லை. போக நேரம் இல்லை. வீட்டில் அக்காவின் மெஷின் அப்படியே இருக்கிறது. மோட்டார் வயரைப் பிடுங்கி, மேலே துணி போர்த்தியிருக்கிறது. காலையில் அப்பா வேலைக்குப் போனதும் அது முனகுகிறது. சைக்கிளின் அதே முனகல். துணியை எடுத்துப் பார்த்தால் நின்றுவிடும். போர்த்தினால் மறுபடி ஆரம்பிக்கும். இப்போதெல்லாம் துணியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கருத்துப் புத்தகத்தையும் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தேதி போட்டு. தைக்க வரும் துணிக்கு அளவு எழுதிப் பழகிய பெரிய, அவசரமான எழுத்து. 'இந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பவர்கள் எல்லோரும் மிக நன்றாக எழுதுகிறார்கள். நாளை மேலே போய்ப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.' கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தாள். அதில் நான் எதுவும் எழுதவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு காலை திறந்து பார்த்தபோது அந்தக் காலி இடத்தில் ஒரு வரி இருந்தது. 'இன்னிக்கு யாருடி நீ?' கையெழுத்து அவளுடையது. மை என் பேனாவுடையது. இந்தத் தாள்களிலும் எங்காவது பெரிய, அவசரமான எழுத்து கண்ணில் பட்டால் தயவுசெய்து என்னிடம் காட்டுங்கள். எனக்குத் தெரிவதில்லை.

சொந்தப் பகை எதுவும் இதில் இல்லை என்பதை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் போதும். பேட்டரி சைக்கிள் அந்தப் பாதைக்கு ஆகாது. அதை நிரூபிக்க ஒருவர் விழ வேண்டியிருந்தது. யார் என்பது முக்கியம் இல்லை.

இன்னொரு திருத்தம். ஒன்பதாவது வரியில், அன்று காலை அக்காவுக்கு முன்னால் இரண்டு பேட்டரி சைக்கிள்கள் அதே வழியாகப் பத்திரமாக இறங்கியதே பலகை சரியாக இருந்ததற்குச் சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியையும் மாற்ற வேண்டும். மேல் வளைவில் வரும்போதே ஹெல்மெட் நிறம் தெரிந்துவிடும். முதலில் வந்தது சிவப்பு, அடுத்தது மஞ்சள். இரண்டு முறையும் ஓடிப்போய்ப் பலகையை நேராகத் திருப்பி, கம்பை எடுத்து, அவர்கள் போனபிறகு பழையபடி மாற்றி வைத்தேன். பாவம், யாரோ என்னவோ. அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்?