மஞ்சள் வெளிச்சத்தில் சொன்ன சொல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அறிவியல் ஆசிரியர் ஐயா அவர்களே, அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் எங்கள் இயக்குநர் ஐயா அவர்களே, வயதாலும் அறிவாலும் மூத்த பெரியோர்களே, வேலை முடித்த களைப்போடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் அண்ணன்மார்களே, இந்த மேடையின் கடைசி நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் கதாநாயகர் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"சத்தமாப் பேசும்மா" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. சத்தம் போடாமல் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, நடிகர் மறந்த வசனத்தை அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி எடுத்துக் கொடுப்பவள் நான். அந்த வாய்க்கு முன்னால் ஒலிபெருக்கியை வைத்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் எங்கள் நாடகத்தை வாழ்த்தினார்கள். வெற்றி விழா அல்லவா, வாழ்த்தத்தானே வேண்டும். நாடகத்தை இன்னும் பார்க்காதவர்களுக்காகக் கதையை நான் சொல்கிறேன். மேடை நடுவில் ஒரு கதவு. பெட்டியோடு ஒரு பெண் வெளியே கிளம்புகிறாள். கதவருகே ஒருவன் நிற்கிறான். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். இதே காட்சி நான்கு முறை வரும். கதவு ஒன்று, காதல் ஒன்று, காலம் ஒன்று. கதி மட்டும் நான்கு. ஏன் நான்கு? நம் தலைவர் ஐயாதான் இயக்குநருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அணுவினும் சிறிய துகள் ஒன்று, பார்க்கும் வரைக்கும் இங்கேயும் இருக்குமாம், அங்கேயும் இருக்குமாம். குவாண்டம் இயற்பியல் என்று அதற்குப் பெயர். ஒரு முடிவு எடுக்கும்போது உலகமே கிளை பிரிந்து, எடுத்த முடிவுக்கு ஓர் உலகம், எடுக்காத முடிவுக்கு ஓர் உலகம் என்று பக்கத்தில் பக்கத்தில் ஓடுமாம். அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்றார் ஐயா. எங்கள் இயக்குநருக்கு அது போதாதா? நாடகமாக்கிவிட்டார்.

நீல வெளிச்சம் வந்தால் ஓர் உலகம். அதில் அவன் "போகாதே" என்பான், அவள் பெட்டியைக் கீழே வைப்பாள். மஞ்சள் வெளிச்சம் வந்தால் வேறோர் உலகம். அதில் அவன் "போயிட்டு வா" என்று கதவை விட்டு விலகுவான், அவள் போய்விடுவாள். மற்ற இரண்டையும் மேடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு காட்சிக்கும் தொடக்க வசனம் ஒன்றுதான். அதனால் நடிகர்களுக்கு உலகம் மாறிப்போகும். நீலத்து வசனத்தை மஞ்சளில் சொல்லிவிடுவார்கள். எங்கள் பேச்சில் அதற்கு 'உலகம் தாண்டுவது' என்று பெயர். தாண்டியவரைத் திருப்பிக் கொண்டுவர இயக்குநர் ஒரு வழி செய்து வைத்திருந்தார். எதிரில் நிற்பவர், அதுவும் நாடகத்தின் வசனம் போலவே, "அது வேற உலகம்" என்று சொல்ல வேண்டும்.

பாருங்கள், நான் சொன்னதும் அந்த மூலையில் சிரிப்பு. சிரியுங்கள். எல்லோரும் சிரிக்கும் இடம் அது. இன்றைக்குப் பேசிய எல்லோரும் புகழ்ந்த இடமும் அதுதான். மஞ்சள் உலகத்தில் நாயகன் "போகாதே" என்கிறான். நாயகி "அது வேற உலகம்" என்கிறாள். கூரை அதிரக் கைதட்டல். என்ன புதுமை, என்ன சாமர்த்தியம் என்றார்கள். அந்த இடம் நாடகத்தில் எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா? அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

அந்த நாயகி வேடத்தை முதலில் போட்டவள் என் அக்கா. நாயகன் வேடம் அன்றும் இன்றும் இவர்தான். நாங்கள் இவரைக் கல்லண்ணன் என்று கூப்பிடுவோம். எழுதிக் கொடுத்த வசனம் என்றால் வாய் அருவி. சொந்த வார்த்தை என்றால் கல். தேநீரில் சர்க்கரை இல்லையென்றால்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டுப் போகிறவர். அவர் சிரிக்கிறார் பாருங்கள்.

இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை. ஊருக்கே தெரியும், அவர்கள் இருவரும்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா ரோஷக்காரி. ஒருநாள் ஒப்பனை அறையில் நானே கேட்டேன்.

"நீயே சொல்லித் தொலையேன்க்கா."

"நான் ஏன்டி சொல்லணும்? தினமும் நீல வெளிச்சத்துல உருகி உருகிச் சொல்றாருல்ல. வெளிச்சம் அணைஞ்சதும் ஒரு வார்த்தை வருதா பாரு. எழுதிக் குடுத்தாத்தான் ஆசையே வரும் போல."

அந்தச் சமயத்தில்தான் கடல் தாண்டி இருக்கும் எங்கள் அத்தை, தன் தையற்கூடத்துக்கு அக்காவை அழைத்தாள். அக்கா போவதாகச் சொல்லிவிட்டாள். பெட்டி கட்டும்போது என்னிடம் சொன்னாள்: "கடைசி நாள் நாடகம் முடியிறதுக்குள்ள அவரு சொந்தமா ஒரு வார்த்தை சொல்லட்டும்டி. பயணச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அக்கா நடிக்கும் கடைசி நாள் நாடகமும் வந்தது. நீல உலகம் முடிந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அக்கா பெட்டியோடு கதவருகே வந்தாள். இவர் "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. மறுபடி எடுத்துக் கொடுத்தேன். இவர் அக்காவின் முகத்தைப் பார்த்து, "போகாதே" என்றார்.

அக்கா என்ன செய்தாள்? நல்ல நடிகை என்ன செய்வாளோ அதைச் செய்தாள். "அது வேற உலகம்" என்றாள். இவர் நகரவில்லை. கதவை விட்டு விலகினால்தானே அவள் வெளியேற முடியும், காட்சி முடியும்? அதனால் தானே ஒரு வரி சேர்த்துச் சொன்னாள்: "இந்த உலகத்துல நீங்க வழி விடணும்."

சபை சிரித்தது. கைதட்டியது. இவர் விலகினார். அவள் போனாள். மேடையை விட்டுப் போனாள். மறுநாள் ஊரை விட்டும் போனாள்.

போன பிறகு ஒருநாள் தொலைபேசியில் பேசினாள். அத்தை பார்த்த இடத்தில் திருமணம் முடிவாகிவிட்டது என்றாள். நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"ஏன்க்கா, அன்னைக்கு அவரு உலகம் தாண்டாம, வேணும்னே சொல்லியிருந்தா?"

அக்கா சொன்னாள்: "வேணும்னு சொன்னவரு இன்னொரு தடவை சொல்லியிருக்க மாட்டாரா? ஒரு தடவை சொன்னா வாய் தவறுனதுடி. ரெண்டாந்தடவை சொன்னாத்தான் மனசு."

திருமணச் செய்தி வந்த அன்று நாடகக்குழு முழுவதும் மகிழ்ந்தது. இவர் மட்டும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கலைந்துபோன முகச் சாயத்தையே எண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அருகே கூப்பிட்டார்.

"உங்கக்கா அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா பாப்பா?"

"எதைண்ணே?"

"நான் கேட்டதை. வழி விடுன்னு சொன்னாளே, அதுக்கப்புறம்."

"நீங்க உலகம் தாண்டிட்டீங்கன்னுதானே அண்ணே..."

"நான் எங்கயும் தாண்டல பாப்பா. நீ எடுத்துக் குடுத்ததும் காதுல விழுந்துச்சு. ரெண்டு தடவையும் விழுந்துச்சு."

தாய்மார்களே, பெரியோர்களே, புரிகிறதா? அவர் கேட்டதை அவள் பிழை என்று நினைத்தாள். அவள் பிழை திருத்தியதை அவர் பதில் என்று நினைத்தார். இரண்டு பேரும் தங்கள் தொழிலைச் சரியாகச் செய்தார்கள். சரியாகச் செய்தே கெட்டார்கள். எந்த ஊரில் நடக்கும் இந்தக் கொடுமை? ஒரே கதவை நான்கு உலகமாகப் பார்த்துப் பழகிய எங்கள் கூட்டத்தைத் தவிர வேறு யாருக்கு நடக்கும்?

தலைவர் ஐயாவிடம் ஒருநாள் ஓடிப்போய்க் கேட்டேன். "ஐயா, அக்கா பெட்டியைக் கீழ வெச்ச உலகம்னு ஒண்ணு இருக்குமா?"

"இருக்கலாம்மா. நிரூபிக்க முடியாது."

"இருந்தா அங்க போக ஏதாவது பஸ்ஸு உண்டா?"

ஐயா சிரிக்கவில்லை. "பஸ் என்னம்மா, இங்கேருந்து ஒரு சத்தம்கூட அங்க போகாது" என்றார்.

எங்கோ ஓர் உலகத்தில் அவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரன் உண்டால் என் வயிறு நிறையுமா? அங்கே சிரிப்பவள் இங்கே பெட்டியோடு போனவளா? அங்கே கைபிடித்தவன், இங்கே கதவை விட்டு விலகியவனா? எண்ணில்லாத உலகங்கள் இருக்கட்டும். ஆளுக்கு ஒன்றில்தானே குடியிருக்க முடிகிறது? அந்த ஒன்றிலும் வாயிருந்தும் பேசவில்லையே, காதிருந்தும் கேட்கவில்லையே, கண்ணிருந்தும் காணவில்லையே. இதற்கு எந்த விஞ்ஞானத்தில் மருந்து இருக்கிறது?

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அன்றைக்குச் சபை சிரித்ததும் இயக்குநர் ஐயா அந்த இடத்தை நாடகத்திலேயே சேர்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உங்களுக்கு அப்போது தெரியாது. "ஜனங்க சிரிச்ச இடத்தை வெட்டுறவன் மடையன்" என்றீர்கள். அன்று முதல் இவர் ஒவ்வொரு நாள் நாடகத்திலும், மஞ்சள் வெளிச்சத்தில், அதே கதவருகில், "போகாதே" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் வேறொரு பெண் "அது வேற உலகம்" என்கிறாள். இரண்டாம் முறை சொன்னால்தான் மனசு என்றாளே என் அக்கா. எத்தனை இரண்டாம் முறைகள். கேட்க வேண்டியவள் மட்டும் சபையில் இல்லை.

அந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "வேண்டாம் பாப்பா. அதை நான் வேற எங்க போய்ச் சொல்லுவேன்?" என்றார். இதை மேடையில் பேசலாமா என்றும் கேட்டேன். "பேசு. அவங்க அதையும் கதைன்னுதான் நினைப்பாங்க" என்றார்.

நினைப்பீர்களா? நினைக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் இவ்வளவும் பேசினேன். அக்காவை நான் திருப்பிக் கேட்கவில்லை. அவள் தன் வீட்டில் நன்றாக இருக்கட்டும். போன காலத்தையும் கேட்கவில்லை; அது யார் கேட்டாலும் வராது. நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கூட்டம் முடிந்ததும் இதே மேடையில் நாடகம் தொடங்கும். மஞ்சள் வெளிச்சம் வரும். அந்த மனிதர் தன் சொந்த வாயால், சொந்த வார்த்தையால், தன் வாழ்நாளில் கேட்ட ஒரே ஒன்றை மறுபடியும் கேட்பார். அப்போது சிரிக்காதீர்கள். ஒரு மனிதன் மன்றாடுகிறான் என்று கேளுங்கள். பதில் சொல்ல நம்மால் ஆகாது. கேட்கவாவது ஆகும் அல்லவா?

பேசத் தெரியாத என்னைப் பொறுமையோடு பேச வைத்த தலைவருக்கும், குறுக்கே பேசினாலும் எழுந்து போகாமல் இருந்த உங்களுக்கும் என் நன்றியைக் காலடியில் வைத்து வணங்குகிறேன். முதல் மணி அடித்துவிட்டது. பக்கத்திரைக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் எல்லா வரியையும் எடுத்துக் கொடுக்க அங்கே நான் இருப்பேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் இவருக்கு நான் தேவைப்பட மாட்டேன்.