உளிச் சத்தம்

செங்கம் பஸ்ஸில் ஏறினால், இறங்கும் இடம் தாண்டிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அன்றும் வழியில் ஓர் ஆசிரமத்துப் பக்கம் பஸ் நின்றபோது எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த பெண், பக்கத்திலிருந்த தன் அண்ணியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“வீட்ல சத்தமே இல்ல அண்ணி. அதான் பயமா இருக்குது.”

“நல்லதாப் போச்சு. உன் வீட்டுக்காரர் உளி அடிச்சு அடிச்சு காது போச்சுன்னு நீதானே புலம்புவ?”

“இப்ப உளியத் தொடறதே இல்லீங்க. பேனாக்கத்தியால சீவிக்கினே இருக்காரு.”

“உளியோ கத்தியோ, மரத்துலதானே வேலை? எல்லாம் ஒண்ணுதான்.”

“எப்படி ஒண்ணாவும்? கோயில் தேருக்குப் பொம்மை செதுக்கணும்னா உளி வெச்சு கொட்டாப்புளியால அடிக்கணும். தெருமுனை வரைக்கும் கேக்கும். சீவறது மடியில வெச்சிக்கினு செய்யறது. பக்கத்துல தூங்கறவங்களுக்குக் கூட கேக்காது.”

அண்ணி மடியிலிருந்த பையை நகர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“பாப்பா காய்ச்சல்ல படுத்தப்ப, அடிச்சா முழிச்சுக்கும்னு உளிய மூட்டை கட்டிட்டு, பாயோரமா உக்காந்து கிளி, குதிரைன்னு சீவ ஆரம்பிச்சாரு. பாப்பாவ அடக்கம் பண்ணி ரெண்டு மாசம் ஆவுது, இன்னும் சீவறாரு. ஒரு கூடை நெறஞ்சு போச்சு.”

“நீ எடுத்துச் சொல்லக்கூடாதா?”

“நேத்து நானே மூட்டையப் பிரிச்சு உளியக் கையில குடுத்தேன். என் கையில இருந்த கொட்டாப்புளி நழுவித் தரையில டமார்னு விழுந்துச்சு.”

“கோவப்பட்டாரா?”

“இல்லீங்க. பாய் கெடந்த எடத்தப் பாத்தாரு. ‘மெதுவா வையிடி, முழிச்சுக்கப் போவுது’ன்னாரு.”