வெளியே நிற்கிறவர்

— சாவியைக் கொடு. கதவு வழியா கையை நீட்டினாப் போதும், நான் வாங்கிக்கறேன்.

— வேண்டாம்பா. என்கிட்டயே இருக்கட்டும்.

— டிரம்முக்குள்ள குனிஞ்சு நிமிர்ற. எங்கயாவது சோப்புக்குள்ள விழுந்து தொலைஞ்சுதுன்னா?

— கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டியிருக்கேன்.

— எதைக் கேட்டாலும் ஒரு பதில் வெச்சிருக்க.

— லைட்டை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கப்பா. அடியில கலக்கற பிளேடு தெரியல.

— இங்க அப்பான்னு கூப்பிடாதேன்னு சொன்னேன்ல. பேக்கிங் ஆளுங்க சிரிக்கறாங்க.

— வேற எப்படிக் கூப்பிடறது? ஃபிட்டர் சார்னா?

— கூப்பிடேன். என்ன குறைஞ்சு போச்சு?

— சரி, ஃபிட்டர் சார். லைட்டைத் திருப்புங்க, ஃபிட்டர் சார்.

— போதும், போதும். இப்பத் தெரியுதா?

— ம். காஞ்ச சோப்பு கல்லு மாதிரி ஒட்டியிருக்கு. இதைச் சுரண்டினாத்தான் ஷாஃப்டைச் சுத்தியிருக்கற பழைய ரப்பர் சீலைக் கழட்ட முடியும்.

— சுரண்டியை நேரா வைக்காதே, பிளேடுல கோடு விழும். சாய்ச்சுப் பிடி. இன்னும். ஆங், அப்படித்தான்.

— வருது, வருது.

— கேளு. கையை நிறுத்த வேண்டாம், காதைக் கொடுத்தாப் போதும். இன்னிக்கு உன் ட்ரையலுக்குக் கடைசி நாள். உன்னை அப்ரண்டிஸா வெச்சுக்கறதா அனுப்பறதான்னு சாயங்காலம் ஃபோர்மேன் சொல்லியாகணும். அவர் சொல்றதுக்கு முன்னாடி நீயே போய், எனக்கு ஒத்து வரல சார்னு சொல்லிடு. கௌரவமா வெளிய வந்துடலாம்.

— எனக்கு ஒத்து வருதேப்பா.

— என்ன ஒத்து வருது? துணி மாத்த ஒரு ரூம் இல்ல, ஸ்டோர்ல மூட்டைங்களுக்கு நடுவுல நின்னு மாத்திக்கற. பூட்ஸுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்டும் கால் ஆடுது. நான் பாக்கலைன்னு நினைக்கறியா?

— அடுத்த மாசம் சின்ன சைஸ் வருதாம்.

— பள்ளிக்கூடத்து லேப் வேலை இன்னும் காலியாத்தான் இருக்கு. ஹெட்மாஸ்டர் என்னை வழியில பாத்தாலே கேக்கறார். ஃபேனுக்குக் கீழ நின்னு பசங்களுக்குப் பெண்டுலம் ஆட்டிக் காட்டலாம். பிசிக்ஸ் படிச்சதுக்கும் ஒரு மரியாதை.

— பெண்டுலம் தன்னால ஆடும்பா. அதுக்கு நான் எதுக்கு?

— வாய். உங்கம்மா வாய் அப்படியே. நாளைக்கு யாராவது வந்து, உங்க பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா நான் என்ன சொல்ல? சோப்பு டிரம்முக்குள்ள குந்தி உக்காந்திருக்கான்னா?

— வாசனையா இருக்கான்னு சொல்லுங்க.

— சிரிக்காதே. இங்க உன்னை ஒவ்வொருத்தனும் பாத்துக்கிட்டே இருக்கான். அவனுங்க ஒண்ணு கெடுத்தா மிஷின் கோளாறுன்னுடுவாங்க. நீ கெடுத்தா, பொண்ணு கெடுத்துட்டான்னுவாங்க. அதுவும் என் பொண்ணுன்னுவாங்க.

— கெடுக்காமப் பாத்துக்கறேன்.

— நீ பாத்துக்கற லட்சணம்தான் காலையில பாத்தேனே. எல்லார் முன்னாடியும் விடுவிடுன்னு போய் மெயின் சுவிட்ச் கைப்பிடியில அந்தச் சிவப்புப் பூட்டை மாட்டினே. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?

— கிளாஸ்ல சொல்லிக் கொடுத்ததுதானேப்பா? உள்ள போறவங்க, கைப்பிடி திரும்பாம அவங்கவங்க பூட்டைப் போடணும். சாவி அவங்ககிட்டயே இருக்கணும். வெளிய வந்து அவங்களேதான் திறக்கணும்.

— உன்கூடச் சேந்தவனுங்களுக்கும்தான் பூட்டு கொடுத்தாங்க. ஒருத்தன் சைக்கிள்ல மாட்டியிருக்கான். இன்னொருத்தன் சாப்பாட்டு டப்பா வைக்கற அலமாரிக்குப் போட்டிருக்கான். மிஷின்ல மாட்டினது நீ ஒருத்திதான்.

— அவங்க யாரும் இன்னும் உள்ள போகல.

— நான் போயிருக்கேன்ல? உனக்கு நடை பழகறதுக்கு முன்னாடியே இதே டிரம்முக்குள்ள போயிருக்கேன். பூட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிய ஒரு ஆளு நிப்பான். அவன் நிக்கறான்னா கைப்பிடியை எவனும் தொட மாட்டான். அவனும் தொட மாட்டான். எங்களுக்குள்ள அது வாக்குக் கொடுத்த மாதிரி. உள்ள ஆள் இருக்கும்போது தொட்டவன் அதுக்கப்புறம் இந்த வாசலை மிதிக்க முடியாது. யாரும் துரத்த வேண்டாம், அவனே போயிடுவான்.

— அப்படி யாராவது போயிருக்காங்களா?

— ஒருத்தன் போனான். நல்ல வேலைக்காரன். யாரும் அவனைத் திட்டக்கூட இல்ல. ஸ்பானரை மேஜை மேல வெச்சுட்டு அப்படியே நடந்தான்.

— உள்ள இருந்தவருக்கு?

— அதை விடு. இப்ப வெளிய நிக்கறது யாரு? நான். பெத்த அப்பன் நிக்கும்போது மக பூட்டுப் போட்டுட்டு உள்ள போறா. பேக்கிங்ல ஒருத்தன் கேக்கறான், என்னண்ணே, உங்க பொண்ணுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையான்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்னத்தைச் சொல்ல? டீ குடிக்கப் போற மாதிரி நகந்துட்டேன்.

— உங்களை நம்பாம இல்லப்பா. நீங்க இருமுவீங்க, திரும்பிப் பாப்பீங்க, யாராவது கூப்பிட்டாப் பேசுவீங்க. பூட்டு எங்கயும் திரும்பாது.

— நம்ம ஊர்ப் பேச்சுல அதுக்குப் பேர்தான் நம்பாம இருக்கறது.

— கோச்சுக்காதீங்க. சீல் கழண்டுருச்சு, இந்தாங்க, பிடிங்க. ஓரத்தைப் பாருங்க.

— ம். ஒரே பக்கமாத் தேஞ்சிருக்கு. ஷாஃப்ட் லேசா சாஞ்சிருக்கணும்.

— அதைத்தான் நான் முந்தாநாளே சொன்னேன். சத்தம் ஒரு பக்கமா வருதுன்னு. யாரும் காதுல வாங்கல.

— நான் வாங்கினேன்.

— அப்ப ஏன் சொல்லல?

— நீ சொன்னது சரின்னு நானே சொன்னா, அப்புறம் உன்னை எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?

— அப்பா!

— இந்தா, புது சீல், வாங்கிக்கோ. மடிப்பு உள் பக்கம் வரணும். அவசரப்படாதே.

— அம்மா உங்களைப் பத்தி என்ன சொல்லுவாங்க தெரியுமா? வீட்டுல காலிங்பெல் அடிச்சா உங்கப்பா கதவைத் திறக்க மாட்டார், சுவத்துல சுவிட்சைத் தேடுவார்னு.

— தேடத்தான் தேடறேன். போன வாரம்கூட காலண்டரைப் பிடிச்சு இழுத்துட்டேன்.

— அன்னிக்கு அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே.

— அவளுக்கு என்ன தெரியும்? ஃபிட்டராகறதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் இந்த டிரம்மை ஓட்டியிருக்கேன். மேல எண்ணெய் காஞ்சு தயாரானா மணி அடிப்பாங்க. அடிச்ச உடனே கீழ டிரம் சுத்தணும். கொஞ்சம் அசந்தாலும் மொத்தமும் கட்டி தட்டிப் போயிடும். யோசிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? மனசு நினைக்கறதுக்குள்ள கை போகணும். வேலை தெரிஞ்சவன்னா அதுதான். உனக்கு அதெல்லாம் வர வருஷக்கணக்காகும்.

— இன்னிக்கும் மணி அடிக்குமா?

— இந்த டிரம்முக்கு எதுக்கு அடிக்கறாங்க? பக்கத்து டிரம்முக்கு அடிப்பாங்க. ரெண்டுக்கும் ஒரே மணிதான். அதை அந்த ஆபரேட்டர் பாத்துப்பான். நீ உன் வேலையைப் பாரு.

— சீல் உக்காந்துருச்சு. போல்ட் மட்டும் இறுக்கணும்.

— எதிர் எதிரா இறுக்கு. ஒண்ணையே முழுசா இறுக்கிடாதே. பாப்பா, கடைசியாக் கேக்கறேன். கெஞ்சறேன்னே வெச்சுக்கோ. சாயங்காலம் நீயே சொல்லிடு.

— சொல்ல மாட்டேன்பா.

— ஏன் இந்தப் பிடிவாதம்? அப்படி என்ன இருக்கு இந்த இரும்புல?

— எப்படிச் சொல்றது? காலேஜ்ல மூணு வருஷம் எல்லாத்தையும் போர்டுல வரைஞ்சு காட்டினாங்க. மோட்டார், ஷாஃப்ட், எல்லாம் கோடு. இங்க முதல் நாள் இந்த ஷாஃப்ட் மேல கையை வெச்சேன். சுத்தி முடிச்சு நின்னிருந்துச்சு, இன்னும் சூடா இருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எனக்கு வேற எங்கயும் போகத் தோணல.

— உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு யோசிச்சியா? ராத்திரி படுத்தா...

— மணி அடிக்குது, கேக்கல. என்ன சொன்னீங்க?

— ...

— அப்பா! என்ன சத்தம் அது?

— எது?

— டக்குன்னு. இரும்புல இரும்பு மோதின மாதிரி. கைப்பிடிகிட்ட இருந்து.

— வெளிய வா.

— யாராவது சுவிட்சைத் திருப்பப் பாத்தாங்களா?

— வெளிய வான்னு சொல்றேன்ல! ஸ்பானரை அங்கயே போடு. கையைக் கொடு. தலை, தலை! கதவு இடிக்கும். வா. வந்துட்டியா? ரெண்டு காலும் வெளிய வந்துருச்சா?

— வந்துட்டேன்பா. ஏன் இவ்வளவு அழுத்திப் பிடிக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல. உக்காரு. வேண்டாம், தள்ளி நில்லு. அந்தத் தூணுகிட்டப் போய் நில்லு.

— யாரு தொட்டது? ஆபரேட்டரா?

— தெரியல. பைப்பா இருக்கும். சூடு ஏறினா பைப்பு அப்படித்தான் சத்தம் போடும்.

— பைப்பு சத்தம் எனக்குத் தெரியும். அது பைப்பு இல்ல.

— என்னண்ணே, என்ன கத்தல் இங்க? சுவத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து டிரம் வரைக்கும் கேக்குது.

— ஒண்ணும் இல்ல தம்பி. ஃபோர்மேன் நீங்க எதுக்கு அலைஞ்சுக்கிட்டு...

— சார், நான் உள்ள இருக்கும்போது யாரோ மெயின் சுவிட்சைத் திருப்பினாங்க. பூட்டு இருந்ததால திரும்பல.

— யாரும்மா திருப்பினது?

— பாக்கல சார். சத்தம் கேட்டுச்சு.

— அப்ப நீ பாக்கல.

— மணி அடிச்ச உடனே கேட்டுச்சு. பக்கத்து டிரம் ஆபரேட்டர் கை மாறி இதைத் தொட்டிருக்கலாம்.

— பாரும்மா, அவன் என் பக்கத்துல நின்னு அவன் டிரம்மை ஓட விட்டான். நான் என் கண்ணால பாத்தேன். ஒரே நேரத்துல அங்கயும் இங்கயும் நிக்க அவன் என்ன மந்திரவாதியா?

— பூட்டைப் பாருங்க சார். வளையத்துல கீறல் இருக்கு. காலையில இல்ல.

— நீ மாட்டும்போது உரசியிருக்கும். பாரும்மா, நான் தப்பாச் சொல்லல. டிரம்முக்குள்ள இருட்டு, மூச்சு முட்டும், காதுக்குள்ள என்னென்னமோ கேக்கும். ஆனா இல்லாத சத்தத்தைக் கேட்டுட்டு வேலையைப் பாதியில போட்டு ஓடி வந்து, பத்தாததுக்கு இன்னொருத்தன் மேல பழியும் போடறே. உன்னை நான் எப்படி மிஷின் பக்கம் விடறது?

— ஓடி வரல சார். அப்பாதான் வரச் சொன்னாங்க.

— பாருங்கண்ணே, உங்களைச் சொல்றா. பேசுங்க. வெளிய நின்னது நீங்க. உங்க காதை விட எனக்கு வேற சாட்சி வேண்டாம். சத்தம் கேக்கலன்னு சொல்லுங்க, இவளை இப்பவே கையோட கூட்டிட்டுப் போங்க. நேத்து நீங்களே வந்து கேட்டதுதானே இது?

— தம்பி, அது...

— நேத்து என்ன சார் கேட்டாங்க?

— தப்பா எடுத்துக்காதேம்மா, பெத்த மனசு. ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிடுங்க தம்பின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். காரணம் இல்லாம நான் எப்படி அனுப்பறதுன்னு கேட்டேன். இப்பக் காரணம் தானா வந்து நிக்குது.

— அப்படியாப்பா?

— பாப்பா, நான் உன் நல்லதுக்கு...

— பரவாயில்ல. அது நாம வீட்டுல பேசிக்கலாம். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மணி அடிச்சப்ப இங்க உங்களையும் என்னையும் தவிர யாரும் இல்ல. நான் உள்ள இருந்தேன்.

— என்னம்மா சொல்ல வர்ற?

— நான் எதுவும் சொல்லல சார். அவங்க சொல்லட்டும். அவங்க என்ன சொன்னாலும் சரி. கேக்கலைன்னு சொன்னா பூட்டைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிடறேன்.

— முடிஞ்சுது. சொல்லுங்கண்ணே. எனக்கு வேலை கிடக்கு. சத்தம் கேட்டுச்சா, இல்லையா?

— ஃபிட்டர் சார். உங்களைத்தான்.

— கேட்டுச்சு தம்பி. மணி அடிச்சதும் கைப்பிடியைத் திருப்பினது நான்தான்.