பன்னிரண்டாம் கட்டில்

காலை ஐந்தரை. டிசம்பர் இருட்டு. தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிய சாலையில் வினோலியா தனியாக நடந்தாள்... ஈர மண்ணின் புளித்த வாடை. தூரத்தில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் ஷாஃப்ட் சக்கரம் கறக்... கறக் என்று சுற்றியது.

நம் கொர்னேலியஸின் அண்ணன் மகள் அவள். பொய் பேசும் வீடல்ல அது, அதனால்தான் சொல்கிறேன். சுரங்கம் மூடுவதற்கு நாலைந்து வருடம் முன்பு சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தாள். வார்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் ஒருத்திகூட அவள் பேரைக் கேட்கவில்லை. "ஏய் ஸ்டூடண்ட், பெட்பேன்!" அவ்வளவுதான். டியூட்டி மாறும்போது நர்சுகள் கட்டில் கட்டிலாக நின்று நோயாளிகளை ஒப்படைப்பார்கள். வாங்கிக்கொண்டவள் இன்னொருத்தியிடம் ஒப்படைக்காமல் வார்டை விட்டுப் போகக் கூடாது. அந்தப் பேச்சில் ஸ்டூடண்டுக்கு இடமில்லை. வினோலியா கதவோரம் நின்று பல்லைக் கடிப்பாள்.

அன்று வார்டு வாசலில், கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியோடு ஒரு சிஸ்டர். டெட்டால் நெடி.

"வா வினோலியா... உனக்காகத்தான் நின்னுனு இருக்கேன்."

பேர் சொல்லி! அந்தப் பூரிப்பில் அவள் யாரென்றுகூடக் கேட்கவில்லை. பதினோரு கட்டில்களையும் ஒப்படைத்துவிட்டு சிஸ்டர் பன்னிரண்டாவதன் அருகே நின்றாள்.

"இவருக்கு மூச்சு இழுக்குது. தனியா உடாத."

"சரி சிஸ்டர்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள்... காலிக் கட்டில். திரும்பினால், சிஸ்டரும் இல்லை. தலையணை மட்டும் மெல்ல அமுங்கி... எழுந்து... அமுங்கியது.

மதியம் டியூட்டிக்கு வந்த ஸ்டாஃப் நர்ஸ் ஐடாவிடம் ஒப்படைக்கப் போனாள். ஐடா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"காலி கட்டிலுக்கு இன்னாடி ஹேண்டோவர்? ஸ்டாஃப்னு நெனப்பா?"

ஒவ்வொருத்தியாகக் கெஞ்சினாள். யாரும் வாங்கவில்லை. ஆத்திரத்தோடு வாசல்வரை போவாள்... முதுகுக்குப் பின்னால் கர்... கர்... என்று இழுக்கும். கால் நகராது. திரும்பி வருவாள்.

பொழுது சாய்ந்தும் பெண் வீடு வராததால் கொர்னேலியஸ் சைக்கிளில் வந்துவிட்டார். ஐடா நடந்ததைச் சொல்லி மறுபடி சிரித்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ண வெச்சி சிரிக்கிறீங்களா?" வார்டே அதிர்ந்தது. "வாம்மா, போலாம்."

"ஒப்படைக்காம வர முடியாது சித்தப்பா..."

"யாரும் வாங்கலன்னா என்கிட்ட குடு. நான் வாங்கிக்கிறேன்."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். மூச்சு இழுக்குது... தனியா உடாதீங்க... அவர் விறைப்பாக நின்று, "சரி" என்றார். அந்த நொடியே அவள் கால் லேசானது.

வெளியே வந்ததும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வினோலியா பக்கத்தில் நடந்தாள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. சித்தப்பா ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தார். கேரியர் கிறீச்சென்றது... பின் டயர், ஆள் ஏறி உட்கார்ந்தாற்போல், தரையோடு நசுங்கியது.