பிர்ரிகல் நாரைகளுக்கு நல்ல வருஷம்

ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற ஆரஞ்சைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. பல் கூசும், பாதியைத் துப்பிவிடுவார்கள். நான் சனிக்கிழமை காலையில்தான் நறுக்குவேன். ஈரத்துணி போட்டு மூடி வைப்பேன். மூன்றாம் கால்பகுதி முடிந்து பையன்கள் வட்டமாக வந்து நிற்கும்போது தட்டு தயாராக இருக்கும். பிர்ரிகல் நாரைகள் என்கிற எங்கள் ஃபுட்டி கால்பந்து கிளப்பில் முதலுதவிக்காரன் வேலை என்றால் அதுவும் சேர்த்துத்தான். கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, தொடைக்குத் தைலம் தேய்ப்பது, மூக்குக்குப் பஞ்சு அடைப்பது. அப்புறம், விழுந்தவனிடம் ஓடிப்போய்ப் பார்த்து, இவன் ஆடலாம், இவன் ஆடக் கூடாது என்று சொல்வது. அந்தக் கடைசி விஷயத்தில் இந்த நெவ் குவர்க் சொன்னால் சொன்னதுதான். கோச்கூட மறுபேச்சு பேச மாட்டான்.

நீங்கள் மெல்பர்னிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தம்பி. உங்களுக்கு ஃபுட்டி பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், வங்கி போயிற்று, ரயில் நிற்காமல் போகிறது. கோதுமைக் கிடங்கும் கிளப்பும்தான் மிச்சம். சனிக்கிழமை மத்தியானம் மைதானத்தைச் சுற்றிக் காரை நிறுத்தி, கோல் விழுந்தால் ஹார்னை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்காகத்தான் பாதிப் பேர் இன்னும் நிலத்தை விற்காமல் இருக்கிறார்கள். போன வருஷம் எல்லா ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வினோம். ஹார்ட்லி பிளாட் கிளப்போடு சேர்ந்துவிடுங்கள் என்று லீக்கில் சொன்னார்கள். சேர்வதாம். அவர்கள் மைதானம், அவர்கள் சட்டை, அவர்கள் பாட்டு. இந்த வருஷமும் தேறாவிட்டால் கிளப்பை இழுத்து மூடுவது என்று கமிட்டியில் பேசி முடித்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் ப்ரோடி ஸ்டானர்ட் ஊருக்குத் திரும்பினான். ஆட்டுக்கு ரோமம் வெட்டுகிறவன். கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைப் பறிக்கிற ஆள். மனைவி கெய்லி எங்கள் கிளப்பின் நெட்பால் அணியில் ஆடியவள். கைக்குழந்தை ஒன்று, பெண். அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

பிப்ரவரியில் எல்லா கிளப்பிலும் ஒரு சோதனை வைப்பார்கள். அடிபடாத மண்டை எப்படி வேலை செய்கிறது என்று முதலிலேயே பார்த்து வைப்பது. பத்து வார்த்தை சொல்வேன், திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை. பிப்ரவரியைவிடக் குறைந்திருந்தால் வாரக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். அதனால் பையன்களுக்கு நான் ஒரு வழி சொல்லி வைத்திருந்தேன். பிப்ரவரியில் மக்காக இருங்கள். அப்போதே மக்கு என்றால் அப்புறம் குறைய என்ன இருக்கிறது. எங்களுக்கு அது பெரிய தமாஷ்.

“நெவ், ஏப்ரலுக்கு முன்னாடி என்ன மாசம்னு எனக்கு மறந்தே போச்சு,” என்பான் ஒருவன்.

“உனக்கு என்னைக்குடா தெரிஞ்சிது,” என்பான் இன்னொருவன்.

ப்ரோடி மட்டும் பத்து வார்த்தையையும் கடகடவென்று ஒப்பித்தான்.

“கெட்டிக்காரத்தனத்தயெல்லாம் வீட்டுல வச்சிட்டு வாடா,” என்றேன். “நாலு போதும்.”

“பொய் சொல்லச் சொல்றியா நெவ்?”

“மறந்துடுன்னு சொல்றேன். மறக்கறது பொய்யா?”

சிரித்துவிட்டான். இரண்டாம் தடவை நாலு வார்த்தையோடு நிறுத்தினான். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது தொப்பென்று விழுந்தும் காட்டினான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நல்ல பையன், சொன்னதைச் செய்வான்.

ஏப்ரலில் தோற்றோம். மே மாதத்திலிருந்து ஜெயித்தோம். மழையில் ஜெயித்தோம், ஆள் பற்றாமல் கோச் ஷேன் முல்காஹியே சட்டை மாட்டிக்கொண்டு இறங்கிய அன்றும் ஜெயித்தோம். வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் கிளப்பில் சாப்பிட உட்கார இடம் இருக்காது. பல வருஷமாக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்தார்கள்.

ஜூலையில் ப்ரோடியின் பின்மண்டையில் ஒருவன் முழங்கால் இடித்தது. எழுந்தான், பந்தை எடுத்தான், தப்பான பக்கத்துக் கம்பத்தை நோக்கி ஓடினான். காரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்தான். கழுத்துச் சுளுக்கு என்று ஷேனிடம் சொன்னேன். வாந்திக்கு, தின்ற இறைச்சிப் பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். திங்கட்கிழமை சோதனை வைத்தேன். நாலு வார்த்தை சொன்னான். ஐந்தாவதைத் தேடிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பிப்ரவரியிலும் நாலுதானே. ஆடலாம் என்றேன்.

ஆகஸ்டில் இன்னொன்று. அது சின்ன இடிதான், மற்றவனாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அதற்கப்புறம் ப்ரோடி வெயிலில் கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டான். அந்த வாரம் கெய்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“நெவ், அவருக்கு என்னமோ ஆயிடுச்சு,” என்றாள். “திரையெல்லாம் இழுத்து விட்டுட்டு இருட்டுலயே கிடக்கறாரு. பாப்பா அழுதா இவரும் சேந்து அழறாரு. டவுன்ல டாக்டர்கிட்ட காமிச்சிடட்டுமா?”

“கைக்குழந்தை இருக்கற வீட்டுல எந்த ஆம்பள கண்ணு தொறந்து பாத்திருக்கான்? தூக்கமில்ல பொண்ணே, வேற ஒண்ணுமில்ல.”

“நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“உன் கணுக்காலுக்குச் சின்ன வயசுலேர்ந்து பட்டை சுத்தறவன் நான். எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா?”

இல்லை என்று தலையாட்டினாள். போகும்போது நன்றி சொன்னாள். டாக்டர் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே அவனை வருஷம் முழுக்க உட்கார வைத்திருப்பார். அது எனக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். பூசி மெழுகுவது எனக்குப் பழக்கமில்லை.

ஷேன் ஒரு தடவை கேட்டான். “பையன் பார்வையே சரியில்லையே நெவ்?” என்றான். தலையைப் பார்ப்பது என் வேலை, கோல் போடவைப்பது உன் வேலை என்றேன். மென்று விழுங்கிக்கொண்டு போனான். அவனை இதில் இழுக்காதீர்கள்.

இறுதி ஆட்டம் கரோக் மைதானத்தில். எதிரே ஹார்ட்லி பிளாட், வேறு யார். மூன்றாம் கால்பகுதியில் தோளோடு தோள் மோதி ப்ரோடி மல்லாந்து விழுந்தான். ஓடினேன். கண்மணி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது. இது எந்த மைதானம் என்று கேட்டேன்.

“நம்ம ஊரு,” என்றான். “நெவ், அப்பா வந்திருக்காரா?”

அவன் அப்பா காலையில் எங்களோடுதான் வந்தார். நடுவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்து அவன் காதில் சொன்னேன். கரோக். மூணாவது. ஹார்ட்லி பிளாட். நடுவர் வந்து அதையேதான் கேட்டார். ப்ரோடி வரிசை மாறாமல் சொன்னான்.

“இவன் ஆடுறானா?” என்றார் நடுவர்.

“ஆடுறான்,” என்றேன்.

ஆடினான். கடைசி நிமிஷங்களில் மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்து, விழுந்து, எழுந்து, உதைத்த உதை இரண்டு நடுக்கம்பங்களுக்கும் நட்டநடுவே போனது. மைதானத்தைச் சுற்றி ஹார்ன் சத்தம் அடங்கவே இல்லை. என் வாழ்க்கையில் அதைப்போல இன்னொன்றைக் கேட்டதில்லை. நானும் அழுதேன். உள்ளே தோளில் கைபோட்டு வட்டமாக நின்று கிளப் பாட்டைப் பாடினோம். ப்ரோடி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். பாட்டு மறந்துவிட்டதாக்கும் என்று பையன்கள் கேலி செய்தார்கள். இரண்டாவது அடி பாடும்போது அவன் முழங்கால் மடிந்தது. ஹெலிகாப்டர் மைதானத்தின் நடுவில் இறங்கியபோது அவன் கழுத்தில் பதக்கத்தை நான்தான் போட்டுவிட்டேன். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் இருக்கிறது. இப்போது அப்பா வீட்டில் இருக்கிறான். நாற்காலியில் உட்கார வைத்தால் உட்காருவான், ஊட்டினால் சாப்பிடுவான். குழந்தையைக் காட்டினால் யார் வீட்டுப் பாப்பா என்று மரியாதையாகக் கேட்பான். கெய்லி ஒருநாள் என்னைக் கடைத்தெருவில் மறித்தாள்.

“டாக்டர் வேணாம்னு நீங்கதான சொன்னீங்க,” என்றாள்.

“சொன்னேன். போகாதது நீ,” என்றேன். அப்புறம் அவள் என்னிடம் பேசுவதில்லை. அது அவள் இஷ்டம்.

நான் செய்தேன் என்றுதான் சொல்கிறேன். ஜூலையில் தெரியும், ஆகஸ்டில் தெரியும், கரோக்கில் அந்தக் கண்ணைப் பார்த்தபோது நன்றாகவே தெரியும். மறுபடி அந்த மத்தியானம் வந்தால் மறுபடி அதையேதான் சொல்வேன். ஒருவனை உட்கார வைத்து ஊரை இழுத்து மூட எனக்கு மனசு வராது. ஜெயித்த பிறகு, ஹார்ட்லி பிளாட்டோடு சேர்வது இல்லை என்று கமிட்டியில் எல்லோரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். அன்று தூக்கிய ஒரு கையாவது இன்று என்னை நோக்கி நீளட்டும், அப்போது தலைகுனிகிறேன். இந்த ஊரில் ரோமம் வெட்டுகிற எத்தனை பேருக்குக் கிளப் சுவரில் படம் இருக்கிறது? அவனுக்கு இருக்கிறது. அவனை நான் பலி கொடுத்தேன் என்கிறார்கள். அவனுக்கு ஆட ஆசை இல்லையா? அதை அவன் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக்கு அவனைப் பார்க்கப் போகிறீர்களாம். காலையில் போங்கள், அப்போதுதான் தெளிவாக இருப்பான். என்னைப் பற்றி மெதுவாகக் கேளுங்கள். நெவ் மேலே தப்பில்லை, நான்தான் ஆடணும்னு கேட்டேன் என்பான். நடுவில் நின்றுவிட்டால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், குழம்பிவிடுவான். கொஞ்சம் பொறுத்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பான். போன ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தபோது, ஒரு வார்த்தைகூட விடாமல் முழுசும் சொன்னான்.